கீழ்த்தட்டில் வைத்த புத்தகங்கள்

அப்பாவிடம் மொத்தம் எத்தனை புத்தகங்கள் இருந்தன என்பதை இன்றைக்கும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. நானூறுக்குக் குறையாது என்பது என் ஊகம். எண்ணிப் பார்க்காமலேயே அவற்றை வெளியே அனுப்பத் தொடங்கியதுதான் என் முதல் தவறு. பின்னால் பட்ட அவதியில் பெரும்பகுதி அதிலிருந்து கிளைத்தது. வட மாநிலத் தொழிற்சாலை ஒன்றின் ஆய்வகத்தில் 31 ஆண்டுகள் உலோகவியலாளராக இருந்து, ஓய்வு பெற்றதும் கடலூருக்கே திரும்பி, தென்பெண்ணை ஆற்றுக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்கும் தாத்தா வீட்டில் குடியேறியவர் அவர். 2024 ஆடியில் காலமானார். அம்மா அதற்கு முன்பே போய்விட்டார். நான் ஒரே பிள்ளை. புதுச்சேரியில் கணக்கு எழுதும் வேலையில் இருப்பவள். உலோகவியல் என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம் அப்பாவின் சட்டைப் பையில் எப்போதும் இருந்த சின்ன பூதக்கண்ணாடி மட்டும். என்னைப் போலவே, தமக்குத் தெரியாத துறையின் நூலகம் ஒன்றை ஒரு நாள் திடீரென்று கையில் வாங்கிக்கொள்ள நேரும் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களுக்காக, நான் இழந்ததையும் கற்றதையும் நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

மூன்று இரும்பு பீரோக்களில் புத்தகங்கள் இருந்தன. முதல் பீரோவில் தாதுவிலிருந்து உலோகத்தைப் பிரித்தெடுப்பது பற்றியவை. இரும்பு, செம்பு, துத்தநாகம், அலுமினியம் என்று தனித்தனியாக அடுக்கியிருந்தார். இரண்டாவதில் உயர்வெப்பநிலை வேதியியல்: ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு டிகிரியில் உருகிய உலோகமும் கசடும் வாயுவும் ஒன்றோடொன்று எப்படி வினைபுரியும் என்று கணக்கிடும் நூல்களும், பக்கம் பக்கமாக எண்கள் மட்டுமே அச்சான தரவு அட்டவணைகளும். மூன்றாவதில் எலக்ட்ரான் நுண்ணோக்கி பற்றியவை. வழவழப்பான ஆர்ட் பேப்பரில் கறுப்பு வெள்ளைப் படங்கள் நிறைந்து, கையில் எடுத்தால் செங்கல்லைப் போலக் கனத்தன. ஒவ்வொரு பீரோவிலும் கீழ்த்தட்டில் மட்டும் புத்தகம் இல்லை. பிளாஸ்டிக் வாளி, பழைய செருப்பு, கொசுவலைக் கம்பு என்று என்னவோ கிடந்தன. வயதானவர் வீடு அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்த வாரத்தில் வீட்டை ஒதுக்கும்போது அந்த வாளிகளைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு, மேல்தட்டுகள் பாரத்தில் வளைந்திருந்ததைப் பார்த்து, கனமான நுண்ணோக்கிப் புத்தகங்களைக் கீழ்த்தட்டுகளுக்கு இறக்கினேன். கனமானதைக் கீழே வைப்பது எந்த வீட்டிலும் உள்ள வழக்கம்தான். அதற்கு நான் கொடுத்த விலையைப் பின்னால் சொல்கிறேன்.

தை பிறப்பதற்குள் வீட்டை வாடகைக்கு விட்டுவிட வேண்டும் என்று சித்தப்பா அவசரப்படுத்தினார். “படிச்சவரே போயிட்டாரு, இனிமே அது வெறும் காகிதம்தாம்மா. பேப்பர்காரனக் கூப்பிட்டுப் போடு” என்றார். தடித்த அட்டை போட்ட புத்தகங்களைத் தொடாமல், இதழ்களையும், மெல்லிய அட்டை போட்ட அறிக்கைகளையும், நூல் கட்டிய கட்டுகளையும் மட்டும் போடலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கிலோ 13 ரூபாய் என்று பேசி, 94 கிலோ எடை வந்து, 1,222 ரூபாய் கைக்கு வந்தது. ஆறு வாரம் கழித்து, அப்பாவின் பழைய நண்பரும், உலோகவியல் கற்பித்து ஓய்வு பெற்று இப்போது லாஸ்பேட்டையில் இருப்பவருமான பேராசிரியர் ஒருவர் வந்து பீரோக்களைத் திறந்து பார்த்துவிட்டு, முதலில் கேட்டதே அந்தக் கட்டுகளைத்தான். “பீரோ ஆஃப் மைன்ஸ் புல்லட்டின்கள் எங்கேம்மா? பழுப்பு அட்டை போட்டு, மெலிசா இருக்குமே.” அமெரிக்க அரசின் சுரங்கத் துறை, கெல்லி என்ற வேதியியலாளரும் உடன் பணியாற்றியவர்களும் பல பத்தாண்டுகளாகத் தொகுத்த வெப்ப இயக்கவியல் எண்களைச் சிறு சிறு வெளியீடுகளாகக் கொண்டுவந்தது, 1996இல் அந்தத் துறையே மூடப்பட்டுவிட்டது. என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. அரசு வெளியீடு என்பதால் அவற்றின் ஸ்கேன் பிரதிகள் இன்று இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும், அதற்காக வருந்த வேண்டாம் என்று ஆறுதல் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, “ஓரத்துல உங்கப்பா பென்சில்ல திருத்தம் போட்டு வச்சிருந்தாரு, அது எங்கேயும் கிடைக்காது” என்று மட்டும் சொல்லிவிட்டு டீயைக் குடித்தார். அதைக் கேட்டபோது வந்த அவமானம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

ஆகவே முதலில் சொல்ல வேண்டியது இது. இந்தத் துறைகளில் புத்தகத்தின் தடிமனுக்கும் மதிப்புக்கும் தொடர்பில்லை. எண்கள் மட்டும் நிறைந்த மெல்லிய வெளியீடு, மடித்து வைக்கப்பட்ட பெரிய வரைபடம், ஓரங்களில் கையெழுத்து உள்ள பக்கம் ஆகியவற்றைக் கண்டால் நிறுத்தி, தெரிந்தவர் ஒருவரைக் கேளுங்கள். அப்பாவின் தரவு நூல்கள் ஒவ்வொன்றிலும் அட்டையைத் திறந்தவுடன் பென்சிலில் 4.184 என்று எழுதியிருக்கும். வீட்டுக் கணக்கோ, அலமாரி எண்ணோ என்று நினைத்திருந்தேன். பழைய அட்டவணைகள் கலோரியில் இருக்கும், இன்றைய கணக்குகள் ஜூலில் நடக்கும், ஒரு கலோரி 4.184 ஜூல், பெருக்க மறந்தால் விடை நான்கு மடங்கு பிசகும் என்பதால் தனக்குத் தானே எழுதி வைத்த எச்சரிக்கை அது என்று பேராசிரியர் விளக்கினார். அப்படி ஓர் எண் எழுதப்பட்ட புத்தகம் உண்மையில் கையாளப்பட்ட புத்தகம் என்பதை அறிந்துகொள்ள எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

எது பழசாகும், எது ஆகாது என்பதையும் அன்றைக்கு அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன். கடையில் விலை பேசும்போது இந்த அறிவுதான் எனக்குப் பிறகு கைகொடுத்தது. துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸில் கொதித்துவிடும். அதன் ஆக்சைடிலிருந்து கரியைக் கொண்டு உலோகத்தைப் பிரிப்பதற்கோ அதைவிட அதிக வெப்பம் வேண்டும். ஆகவே உலைக்குள் உலோகம் உருகி ஓடாமல் ஆவியாகவே பிறக்கிறது. இராஜஸ்தானத்தின் சாவர் சுரங்கப் பகுதியில் நம் முன்னோர் கத்தரிக்காய் வடிவக் களிமண் குடுவைகளைத் தலைகீழாக அடுக்கி, ஆவியைக் கீழ்நோக்கி இறக்கிக் குளிர வைத்ததற்கும், பிற்காலத் தொழிற்சாலைகள் ஆவியைப் பிடிக்கத் தனி அறை கட்டியதற்கும் காரணம் ஒன்றே. அந்த 907 மாறப் போவதில்லை. உலோக ஆக்சைடுகளின் உறுதியை வெப்பநிலைவாரியாகக் கோடுகளாகக் காட்டி 1944இல் எல்லிங்காம் என்பவர் வரைந்த வரைபடமும் அப்படித்தான்; எந்த உலோகத்தின் கோடு கீழே இருக்கிறதோ அது மேலே உள்ளதன் ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனைப் பறித்துக்கொள்ளும் என்ற அதன் செய்தி இன்றும் வகுப்பில் சொல்லப்படுகிறது. மாறாக, ஒரு குறிப்பிட்ட ஆலையின் உலை அளவு, எரிபொருள் செலவு, உற்பத்திக் கணக்கு ஆகியவற்றைச் சொல்லும் புத்தகம் பத்து ஆண்டில் வரலாறாகிவிடும். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் இரண்டும் ஒரே புத்தகத்துக்குள் கலந்திருக்கும். இருட்டறையில் ஃபிலிம் கழுவும் முறையைச் சொல்லும் அத்தியாயம் இன்று யாருக்கும் வேண்டாம். மெல்லிய உலோகத் தகட்டினூடே எலக்ட்ரான் கற்றை செல்லும்போது படம் ஏன் அப்படித் தெரிகிறது என்று விளக்கும் அத்தியாயத்தை ஆய்வு மாணவர்கள் இன்றும் தேடுகிறார்கள். பீட்டர் ஹிர்ஷும் நான்கு சக ஆய்வாளர்களும் 1965இல் எழுதிய நூல் அதற்கு உதாரணம். அதன் 1977 பதிப்பில் கூடுதல் பகுதி சேர்க்கப்பட்டதால், படிக்க வாங்குபவர் பின்னதைத்தான் கேட்கிறார். முதற்பதிப்பு என்றாலே விலை அதிகம் என்று நினைத்திருந்தவள் நான்.

பதிப்பு விஷயத்தில் நான் பட்ட வெட்கம் தனிக் கதை. அகரிகோலா என்பவர் 1556இல் இலத்தீனில் வெளிவந்த சுரங்க நூலுக்கு உரியவர். பின்னாளில் அமெரிக்க அதிபரான ஹெர்பர்ட் ஹூவரும் அவர் மனைவியும் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்திருக்கிறார்கள். அப்பாவின் பிரதியில் மொழிபெயர்ப்பாளர் முன்னுரையின் கீழே 1912 என்று பார்த்ததும், நூறு ஆண்டுக்கு மேற்பட்ட அரிய புத்தகம் கிடைத்துவிட்டது என்று பூரித்து, சென்னையில் பழைய புத்தகம் விற்பவர் ஒருவரிடம் தொலைபேசியில் 40,000 ரூபாய் என்று துணிந்து சொன்னேன். “தலைப்புப் பக்கத்துக்குப் பின்பக்கத்தைப் படிங்க மேடம்” என்றார் அவர். படித்தேன். 1950இல் நியூயார்க்கில் டோவர் நிறுவனம் வெளியிட்ட மறுபதிப்பு. அவர் சிரிக்கவில்லை, ஆனால் சிரிப்பை அடக்குவது எனக்குக் கேட்டது. தலைப்புப் பக்கத்தின் பின்பக்கம்தான் புத்தகத்தின் பிறப்புச் சான்றிதழ். முன்னுரையில் உள்ள ஆண்டை நம்பி யாரிடமும் விலை பேசாதீர்கள்.

இன்னொரு சிக்கல், ஒரே நூல் வெவ்வேறு பெயரில் உலவுவது. குபாஷெவ்ஸ்கியும் எவன்ஸும் 1951இல் ‘உலோகவியல் வெப்பவேதியியல்’ என்ற பொருளுள்ள பெயரில் கொண்டுவந்த நூல், பிற்பதிப்புகளில் துணை ஆசிரியர்கள் மாறி, 1993இல் ‘பொருள்களின் வெப்பவேதியியல்’ என்று பெயரே மாறிவிட்டது. தலைப்பை மட்டும் தட்டிப் பார்த்தால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத புத்தகங்கள் என்றுதான் தோன்றும். 1960களில் வந்த பலவற்றில் புத்தகத்தை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண்ணே இருக்காது. எனவே பட்டியல் எழுதும்போது ஆசிரியர் பெயரை முதலிலும், அதன் பிறகு தலைப்பு, பதிப்பு, ஆண்டு, வெளியீட்டாளர் ஆகியவற்றையும் எழுதி, கடைசிக் கட்டத்தில் கையெழுத்து, நூலக முத்திரை, கிழிந்த அல்லது காணாமற்போன படத்தாள், மடிப்பு வரைபடம் இருக்கிறதா இல்லையா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் இந்தப் பட்டியலை ஐப்பசியில்தான் தொடங்கினேன். அதற்குள் இணையத்தில் விற்பனைச் செயலி ஒன்றின் வழியே அறிமுகமான ஒருவர், தாம் ஓர் ஆய்வகத்துக்காக வாங்குவதாகவும் மாதிரிக்கு 11 புத்தகங்களை அனுப்பினால் 9,500 ரூபாய் உடனே செலுத்துவதாகவும் சொல்லி, என் செலவிலேயே 1,240 ரூபாய்க்குக் கூரியர் அனுப்ப வைத்துவிட்டுத் தொடர்பை அறுத்துக்கொண்டார். போலீசில் புகார் கொடுக்கலாம் என்றபோது, எந்தெந்தப் புத்தகம் அனுப்பினேன் என்று சொல்லக்கூட என்னிடம் எழுத்தில் ஒன்றும் இல்லை.

கல்லூரி நூலகங்களை நம்பியும் ஏமாந்தேன். இலவசமாகக் கொடுத்தால் மாலை போட்டு வாங்கிக்கொள்வார்கள் என்று எண்ணி மூன்று இடங்களுக்கு நேரில் போனேன். இடமில்லை, பழைய பதிப்புகளைப் பதிவேட்டில் ஏற்ற அனுமதி வேண்டும், இரட்டைப் பிரதிகள் வேண்டாம் என்று மூன்று இடத்திலும் ஏறக்குறைய ஒரே பதில். அவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. ஒரு நூலகர் மட்டும் பொறுமையாக, நூலகத்தில் போய் நிற்பதைவிட அந்தத் துறையின் ஆய்வு மாணவர்களுக்குப் பட்டியலை அனுப்புவதே பயன் தரும் என்று சொல்லி, தமது அலமாரியில் 669 என்று எண்ணிட்ட வரிசையைக் காட்டினார். நூலகப் பகுப்பில் உலோகவியலுக்கு உரிய எண் அது. அந்த வரிசையின் முன் கடைசியாக யார் நின்றார்கள் என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை.

பட்டியல் பாதி முடிந்திருந்த நிலையில் நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. எங்கள் தெருவிலேயே இடுப்பளவு தண்ணீர். கடலூர் வீட்டைப் பற்றி நினைக்கக்கூட நேரமில்லை. டிசம்பர் 2ஆம் தேதி அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு ஒன்றரை லட்சம் கனஅடிக்கும் மேல் தண்ணீர் திறந்துவிட்டார்கள். தென்பெண்ணை கரை கொள்ளாமல் வந்தது. சாலை துண்டிக்கப்பட்டதால் 4ஆம் தேதிதான் நான் அங்கே போய்ச் சேர முடிந்தது. வீட்டுக்குள் வெள்ளம் வடிந்து, கணுக்காலளவு சேறு மட்டும் இருந்தது. முதல் பீரோவுக்குப் பின்னால், சுவரில், பென்சிலில் ஒரு கோடும் அதன் பக்கத்தில் ‘2015’ என்று அப்பாவின் கையெழுத்தும் இருந்ததை அன்றுதான் பார்த்தேன். அந்த வருட வெள்ளத்தில் தண்ணீர் நின்ற மட்டம் அது. கோடு சரியாகக் கீழ்த்தட்டின் உயரத்தில் இருந்தது. வாளிகள் ஏன் அங்கே இருந்தன என்பதை யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

தாள் நீரைக் குடித்து ஊதியதால் புத்தகங்கள் தட்டுக்குள் இறுகி, பீரோக் கதவே திறக்கவில்லை. கடப்பாறையால் நெம்பித்தான் திறந்தோம். மொத்தம் 71 புத்தகங்கள் நனைந்திருந்தன. அவற்றில் பெரும்பாலானவை நான் இறக்கி வைத்த நுண்ணோக்கிப் புத்தகங்கள். இங்கேதான் ஆர்ட் பேப்பர் தன் குணத்தைக் காட்டியது. படம் துல்லியமாகத் தெரிவதற்காக அந்தத் தாளின் மேல் வெண்களிமண்ணையும் பசையையும் கலந்து பூசியிருக்கிறார்கள். கனத்துக்கும் அதுவே காரணம். நனைந்ததும் அந்தப் பூச்சு இளகும். எதிரெதிர்ப் பக்கங்கள் ஒட்டியபடியே காய்ந்துவிட்டால் பிறகு எந்தச் சக்தியாலும் பிரிக்க முடியாது. எனக்கு இது தெரியாது. வெயில் வந்துவிட்ட மகிழ்ச்சியில் கையில் அகப்பட்ட ஒன்பது புத்தகங்களை மொட்டைமாடியில் விரித்து வைத்தேன். மாலையில் போய்ப் பார்த்தபோது ஒன்பதும் செங்கற்கள். ஒன்றைத் திறக்க முயன்றபோது, ஏதோ ஓர் உலோகக் கலவையின் படம் பாதி இந்தப் பக்கமும் பாதி எதிர்ப்பக்கமுமாக உரிந்து வந்தது. அதை விடக் கொடுமை, சேற்றுக்கு அடியில் ஊறிக் கிடந்தவை நல்ல நிலையில் இருந்தன. சற்று மேலே ஓரம் மட்டும் நனைந்து தானாகக் காயத் தொடங்கியிருந்த பத்துப் புத்தகங்கள் ஏற்கெனவே ஒட்டிவிட்டிருந்தன.

ஓலைச்சுவடிப் பாதுகாப்பில் சில காலம் வேலை பார்த்த தோழிக்கு அழுதுகொண்டே போன் செய்தேன். “வெயில்ல போடாதடி, காய விடாத, ஈரமாவே வை. முடிஞ்சா ஐஸ் பெட்டியில போடு” என்றாள். இரண்டு மூன்று நாளில் பூஞ்சை பிடித்துவிடும், உறைந்துவிட்டால் பூஞ்சையும் நிற்கும், ஒட்டுவதும் நிற்கும், யோசிப்பதற்குக் காலம் கிடைக்கும் என்பது அவள் சொன்னதன் சாரம். அத்தனை புத்தகம் கொள்ளும் உறைபெட்டிக்கு எங்கே போவது? கடலூர் முதுநகரில் மீன் மொத்த வியாபாரம் செய்பவர் ஒருவரை அப்பாவுக்குப் பழக்கம். புயலால் படகுகள் கடலுக்குப் போகாததால் அவருடைய பெட்டிகள் பாதி காலியாக இருந்தன. விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். “வஞ்சிரம் வச்ச பெட்டில புஸ்தகம் வச்சதில்லம்மா. கொண்டா, பாத்துக்கலாம்” என்றார். மூடிய நிலையிலேயே சேற்றைக் கழுவி, நான்கைந்தாகப் பாலித்தீன் உறையில் சுற்றி, 34 புத்தகங்களை அங்கே வைத்தோம். சாதாரணத் தாளில் அச்சான 18 புத்தகங்களை வீட்டிலேயே நிறுத்தி வைத்து மின்விசிறிக் காற்றில் காய வைத்தேன். அட்டை வளைந்தாலும் அவை அனைத்தும் பிழைத்தன. நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தில் சில ரூபாய்க்கு அப்பா வாங்கிய சோவியத் நாட்டுப் புத்தகங்கள், முரட்டுத் தாள் என்று பலர் ஏளனம் செய்தவை, எல்லாவற்றையும் விட நன்றாகத் தாங்கின.

அதன் பிறகு தை, மாசி முழுவதும் ஞாயிற்றுக்கிழமைகளில் நான்கு நான்கு புத்தகமாக எடுத்து வந்து, பனி இளகியதும், ஈரம் காய்வதற்கு முன்பே ஒவ்வொரு படத்தாளையும் பிரித்து இடையில் பட்டர் பேப்பர் செருகினேன். தாள் காய்வதற்குள் முடித்துவிட வேண்டும். எழுந்து போய்ச் சாப்பிட்டு வரக்கூட முடியாது. 48 படத்தாள்கள் இருந்த ஒரு புத்தகத்துக்கு ஒரு நாள் முழுவதும் ஆயிற்று. அந்த வேலையின்போதுதான் முதல்முறையாக அந்தப் படங்களைப் பார்த்தேன். ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு சின்னக் கோடும் ‘1 மைக்ரான்’ போன்ற அளவும் இருக்கும். சில பழைய புத்தகங்களில் கோடு இல்லாமல், இத்தனை ஆயிரம் மடங்கு என்று மட்டும் அச்சாகியிருந்தது. ஸ்கேன் செய்து சிறிதாகவோ பெரிதாகவோ அச்சிட்டால் அந்த மடங்குக் கணக்கு பொய்யாகிவிடும், கோடு மட்டும் படத்தோடு சேர்ந்தே சுருங்கி விரியும் என்பதால், யாருக்காவது இத்தகைய படங்களை ஸ்கேன் செய்து அனுப்புபவர்கள் மூலையை வெட்டிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வாங்க விரும்பிய மாணவர் ஒருவருக்கு நான் மூலையை அழகாக வெட்டி அனுப்பி, திரும்ப அனுப்பச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பிஸ்கட் டப்பா ஒன்றில் அப்பா தாமே எடுத்த நுண்ணோக்கிப் படங்களின் நெகட்டிவ்களும் அச்சுப் படங்களும் இருந்தன. தோழி சொன்னபடி அவற்றை உறைய வைக்காமல், காயவும் விடாமல், சுத்தமான குளிர்ந்த நீரில் போட்டு வைத்து, ஒவ்வொன்றாகப் பிரித்துப் படம் மேல்பக்கமாக இருக்கும்படி துணியில் பரப்பினேன். நாற்பதில் முப்பத்திரண்டு தப்பின. உறைகளின் மேல் எழுதியிருந்த மை கரைந்துவிட்டதால் எது எந்த உலோகம் என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. பென்சிலில் எழுதியிருந்த நான்கைந்து மட்டும் பெயரோடு நிற்கின்றன. ஆவணங்களின் மேல் பேனாவால் எழுதும் பழக்கத்தை அன்றோடு விட்டேன்.

கணக்குப் பிள்ளை என்பதால் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். மின்விசிறிகள், பட்டர் பேப்பர், உறிஞ்சும் தாள், பாலித்தீன் எல்லாம் சேர்த்து 9,800, பீரோ பழுது 1,800, போக்குவரத்து 4,100, பணம் வாங்க மறுத்த மீன் வியாபாரியிடம் கரண்ட் பில்லுக்கென்று வற்புறுத்திக் கொடுத்தது 2,500, ஏமாந்த கூரியர் 1,240, வீடு இரண்டு மாதம் பூட்டிக் கிடந்ததால் போன வாடகை 16,000. ஆக 35,440 ரூபாய். வந்தது, பழைய பேப்பரில் 1,222, பட்டியல் பார்த்து ஆய்வு மாணவர்களும் ஒரு வார்ப்பாலைக்காரரும் வாங்கிய 41 புத்தகங்களில் 18,600. கைப்பிடித்தம் 15,618. எடுத்த விடுப்பு 11 நாள். புத்தகப் பட்டியலைப் புரட்டாசியிலேயே எழுதி, புத்தகங்களை இடுப்புக்கு மேலே வைத்திருந்தால் இதில் முக்கால் பங்கு செலவே வந்திருக்காது.

எஞ்சியவற்றை அனுப்பும்போது தபால் கட்டணம்தான் பெரிய தடையாக இருந்தது. 2 கிலோ எடையுள்ள புத்தகத்துக்குக் கூரியரில் கேட்ட தொகை சில சமயம் புத்தக விலையைத் தொட்டது. 2025 மே மாதம் அஞ்சல் துறை ‘ஞான் போஸ்ட்’ என்ற சேவையைத் தொடங்கியது. கல்விப் புத்தகங்களுக்கு 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. தரைவழியே போவதால் தாமதமாகும். இந்தத் துறைப் புத்தகங்களுக்கு நாலு நாள் தாமதம் ஒரு பொருட்டில்லை. மூலைகளுக்குத் தடித்த அட்டை வைத்து, முதலில் பாலித்தீனிலும் பிறகே காகிதத்திலும் சுற்றுங்கள். கனமான புத்தகம் தன் எடையாலேயே முதுகு பிய்ந்துகொள்ளும். மீன் பெட்டியிலிருந்து வந்தவற்றைப் பெற்றுக்கொண்ட ஒரு மாணவி, புத்தகத்தில் லேசாகக் கருவாட்டு வாசம் வருகிறதே என்று கேட்டாள். விவரத்தை எழுதி அனுப்பினேன். பணத்தைக் குறைக்கச் சொல்லவில்லை.

ஏழு புத்தகங்களை மட்டும் விற்கவோ கொடுக்கவோ இல்லை, ஏனென்றால் அவற்றில் அப்பா வேலை பார்த்த ஆய்வகத்தின் நூலக முத்திரை இருந்தது. இத்தகைய சேகரிப்பில் இது கட்டாயம் தட்டுப்படும். ‘நீக்கப்பட்டது’ என்ற முத்திரையும் கூடவே இருந்தால் கவலையில்லை, இல்லாவிட்டால் அது உங்கள் வீட்டுப் புத்தகம் ஆகாது, விற்றால் வாங்கியவருக்கும் தொல்லை. ஆசிரியர் பெயர், பதிவெண் எல்லாம் குறித்து, அஞ்சல் செலவை நானே ஏற்றுத் திருப்பி அனுப்புகிறேன் என்று பதிவுத் தபாலில் எழுதினேன். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. அந்தக் காலத்துப் பதிவேடுகள் இப்போது இல்லை என்றும், அந்தப் புத்தகங்கள் கணக்கிலிருந்து எப்போதோ தள்ளப்பட்டுவிட்டன என்றும், நானே வைத்துக்கொள்ளலாம் என்றும் நான்கு வரியில் எழுதியிருந்தார்கள். கடிதத்தை அவற்றில் ஒன்றுக்குள் வைக்கப் போனபோது, பின்னட்டையில் ஒட்டியிருந்த தவணைச் சீட்டைப் பார்த்தேன். வெள்ளத்தில் முத்திரை மை ஊறியிருந்தாலும் கடைசித் தேதி படிக்க முடிந்தது: 14 மார்ச் 1987.